தேய்ந்த குழலுக்குள் புதுக் குழல்: ஒரு பழைய ஸ்டீவன்ஸ் ரைஃபிளுக்கு லைனர் போட்ட அனுபவம்

பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற நவம்பரில் ஒரு பழைய துணிச்சுருளை என் பட்டறை மேசையில் கொண்டுவந்து வைத்தார். பிரித்தால் உள்ளே ஒரு .22 ரைஃபிள், அதாவது குழலின் துளை கிட்டத்தட்ட 0.22 அங்குலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கோபி ஃபால்ஸ் ஊரில் ஸ்டீவன்ஸ் கம்பெனி செய்த 'ஃபேவரிட்', 1915 மாடல். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். அந்தக் காலத்து அமெரிக்கச் சிறுவர்களுக்காகவே செய்து, மலிவாக விற்ற துப்பாக்கி இது. அவருடைய அப்பா பண்ணையில் முயல் வேட்டைக்குப் போனது இதை வைத்துத்தான். "எனக்குக் கண் மங்கிவிட்டது. நீ இதைச் சுடவைத்துவிட்டால் உனக்கே வைத்துக்கொள்" என்றார்.

நான் துப்பாக்கித் தொழிலாளி இல்லை. கோவையில் ஏழு வருடம் லேத் ஓட்டினேன், இப்போது பென்சில்வேனியாவில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. கோவையில் தேய்ந்த டீசல் எஞ்சின் சிலிண்டரைப் போரிங் செய்து ஸ்லீவ் அடித்த கைதான் இது. ரைஃபிள் குழலுக்கு லைனர் போடுவதும் அடிப்படையில் அதே வேலை. என்ன, சிலிண்டர் கையகல ஆழம்தான் இருக்கும், இங்கே துளை இரண்டடி நீளம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது விசைப்பொறி இருக்கும் உடற்பகுதிதான், குழல் ஓர் உதிரிபாகம். சொந்தத் துப்பாக்கியைத் தானே பழுதுபார்க்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. அடுத்தவர்களுக்குத் தொழிலாகச் செய்தால் தேவை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின்படி பழுதுபார்க்கும் வேலைக்கே உரிமம் வேண்டும். ஊரில் லேத் வைத்திருக்கிறோமே என்று யாரும் இதில் கைவைக்க வேண்டாம்.

சரி, குழலுக்கு என்ன ஆகியிருந்தது? கிளப் ரேஞ்சில் 25 கெஜத்தில் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தேன். தாளில் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறியிருந்தது. அதில் இரண்டு துளைகள் வட்டமாகக்கூட இல்லை, சாவித்துளை போல நீண்டு கிடந்தன. குண்டு சுழலாமல் பக்கவாட்டில் புரண்டு போய்த் தாளில் மோதினால்தான் அப்படி ஒரு துளை விழும். குழலின் உட்புறத்தில் இருக்கும் புரிகள்தான் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. பம்பரம் சுற்றும் வரை நிற்பதுபோல, சுழலும் வரைதான் குண்டு நேராகப் போகும். இந்தக் குழலில் புரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தக் காலத்து .22 துப்பாக்கிகள் பலவற்றுக்கும் இதே நோய்தான். நிறைய சுட்டதால் தேய்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மென்மையான ஈயக் குண்டு எஃகை அவ்வளவு சீக்கிரம் தேய்க்காது. குழலைத் தின்றது துருதான். பழைய தோட்டாக்களின் தீமூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் மிஞ்சும் உப்பு, கிட்டத்தட்ட சமையல் உப்பு போலவே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு குழலுக்குள் உட்கார்ந்துவிடும். கரிமருந்துக் காலத்தில் அழுக்கு அதிகம் என்பதால் ஜனங்கள் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள், உப்பும் கரைந்து போனது. புகையில்லாத மருந்து வந்ததும் குழல் பார்க்கச் சுத்தமாக இருந்தது, கழுவும் பழக்கம் விட்டுப்போயிற்று. 1920களின் பிற்பாதியில் ரெமிங்டன் கம்பெனி 'க்ளீன்போர்' என்ற பெயரில் அரிக்காத தோட்டாக்களைக் கொண்டுவந்தது. அதற்குள் எத்தனையோ குழல்கள் உள்ளே குழிகுழியாகிவிட்டன.

என் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு மீன்பிடி ஈயக்கட்டியைத் தட்டிச் சரிசெய்து, எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியால் குழலுக்குள் மெதுவாகத் தள்ளினேன். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள், கை நிறைய விஷயம் சொல்லும். முதல் நாலு அங்குலம் சொரசொரவென்று பிடித்தது. நடுவில் பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. வாய்ப்பக்கம் வந்ததும் ஒரு புறம் மட்டும் உரசியது. பல வருடம் வாய் வழியாக இரும்புக் கம்பி விட்டுச் சுத்தம் செய்த அடையாளம் அது, வாயின் ஓரம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. வெளியே வந்த ஈயத்தில் புரியின் தடம் ஆறில் இரண்டுதான் தெரிந்தது. போதாததற்குத் தோட்டா அமரும் அறையின் விளிம்பில், வெறுமனே விசையை இழுத்து விளையாடியதால் அடிக்கும் ஊசி குத்திய பள்ளம் வேறு.

புதுக் குழல் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம்தான். ஆனால் இந்தக் குழல் பாதி எட்டுப்பட்டை, பாதி உருளை. மேலே ஸ்டீவன்ஸ் பெயரும் ஊர்ப் பெயரும் பொறித்திருக்கிறது. பெரியவரின் அப்பா கைபட்டுப் பட்டுப் பழுப்பேறிய நிறம் வேறு. அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. வெளித்தோலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் புதுசு போடும் வழி எப்போதோ வந்துவிட்டது. இங்கிலாந்தில் பார்க்கர் ஹேல் கம்பெனி .303 ராணுவ ரைஃபிள்களின் குழலைத் துளைத்து, .22 லைனரைச் செருகி, பற்றாசு வைத்து, பயிற்சித் துப்பாக்கியாக மாற்றியது. பெரிய போர்க்கப்பல் பீரங்கிகளிலும் தேய்ந்த உள்குழலை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது வழக்கமாக இருந்தது. ஃபேவரிட்டில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. அடியில் ஒரே திருகைக் கழற்றினால் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும்.

வாங்கியது மூன்று சாமான். முதலாவது லைனர். குரோம்-மாலி எஃகு, வெளிவிட்டம் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். உள்ளே ஆறு புரி, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்றைய .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு அதுதான் வழக்கமான அளவு. இரண்டாவது 'ஓ' எழுத்து டிரில், 0.316 அங்குலம். அதன் முனையில் பழைய துளைக்குள் நுழைந்து வழிகாட்டுகிற ஒரு பைலட் இருக்கும், பின்னால் நீளத் தண்டு. மூன்றாவது அறை குடையும் ரீமர். டிரிலுக்கும் லைனருக்கும் இடையில் மொத்தம் மூன்றரைத் தௌ இடைவெளி வரும் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). பசை உட்கார அது வேண்டும்.

டிரில் போடுவதற்கு முன் குழலின் வெளியே இருக்கும் பள்ளங்களை எல்லாம் அளந்தேன். முன் குறிகாட்டி அமரும் வெட்டு, முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) பிடிக்கும் திருகின் துளை, கழற்றும் திருகு வந்து உட்காரும் குழிவு. உள்ளே எட்டு மில்லிமீட்டருக்குத் துளைத்தபின் அந்த இடங்களில் எவ்வளவு சுவர் மிஞ்சும் என்று தாளில் வரைந்தும் பார்த்தேன். முன்கட்டைத் திருகுத் துளைக்கு அடியில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போடாமல் துளைத்து, டிரில் வெளியே எட்டிப்பார்த்துக் குழலே பாழானதை ஒருவர் கையில் பார்த்திருக்கிறேன்.

துளைக்கும் வேலைக்கு ஒரு முழு சனிக்கிழமை போனது. குழலை லேத் சக்கில் பிடித்து, டயல் கேஜ் வைத்துப் பழைய துளை மையத்தில் ஓடும்படி திருத்தினேன். வெளிப்புறத்தை நம்பக்கூடாது. அந்தக் காலத்துக் குழல்களில் துளையும் வெளிப்புறமும் ஒரே மையத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது, இதில் எட்டுத் தௌ விலகல் இருந்தது. அப்புறம் வேகத்தை 250 சுற்றுக்குக் குறைத்து, கந்தகம் கலந்த கட்டிங் ஆயிலை ஊற்றி, கால் அங்குலம் உள்ளே போவது, டிரிலை முழுக்க வெளியே இழுப்பது, சீவலைத் துடைப்பது, எண்ணெய் விட்டு மறுபடி போவது. இப்படியே நூறு தடவைக்குப் பக்கம். பழைய குழல் மென்மையான எஃகு, வெண்ணெய் மாதிரி வெட்டும். அதுதான் ஆபத்தும்கூட. சீவல் நீளநீளமாக வந்து டிரில் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும், அடைத்த நிமிடமே டிரில் ஒரு பக்கம் தள்ளும். காது இதில் ரொம்ப உதவியது. சீராகச் 'சர்ர்' என்று கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கீச்சிட ஆரம்பித்தால் உடனே வெளியே இழுத்துவிட வேண்டும்.

ஒரே பக்கமிருந்து முழுக்கத் துளைப்பவர்களும் உண்டு. நான் பாதி பின்பக்கமிருந்தும் பாதி வாய்ப்பக்கமிருந்தும் துளைத்தேன். டிரில் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுக்கு விலகலும் கூடும். அந்த விலகல் குழலின் நடுவில் வந்தால் பரவாயில்லை, வாயில் வரக்கூடாது. குறியைத் தீர்மானிப்பது இரண்டு முனைகள்தான் என்பது என் நம்பிக்கை: குண்டு எங்கே புரிக்குள் நுழைகிறதோ அந்த இடம், எங்கே குழலை விட்டுப் பிரிகிறதோ அந்த இடம். இரண்டு துளையும் நடுவில் சந்திக்கும் கடைசி ஒரு அங்குலத்தில் மட்டும் கவனம் வேண்டும். முன்னால் ஏற்கெனவே பெரிய துளை இருப்பதால் பைலட்டுக்குப் பிடிமானம் போய்விடும். அங்கே டிரிலை முன்னே தள்ளும் டெயில் ஸ்டாக் கைப்பிடியை நகக்கண் அளவு நகக்கண் அளவாகத்தான் திருப்பினேன். முடிந்ததும் 5/16 அங்குலப் பாலிஷ் கம்பி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்ன நெருடல், மற்றபடி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தன் எடையிலேயே இறங்கியது.

அடுத்து ஒட்டுவது. இங்கேதான் நான் தப்பு செய்தேன். பேரிங் ஒட்டுகிற பச்சை நிறப் பிடிப்புப் பசையை எடுத்தேன், ஷாப்பில் தினமும் புழங்குவது. காற்று படாத இடத்தில் இறுகுகிற வகை அது. லைனரில் தடவிச் சுழற்றிக்கொண்டே தள்ளினேன். முக்கால்வாசி போனதும் வழிந்த பசையைத் துடைக்க நிறுத்தினேன். அரை நிமிடம்தான் இருக்கும். திரும்பத் தள்ளினால் அசையவில்லை. மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. இறுக்கமான இடைவெளியில், பளிச்சென்று புதிதாக வெட்டிய எஃகில் அந்தப் பசை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டடி நீளத்துக்கு அது ஒத்துவராது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

நல்லவேளை, அந்த வகைப் பசை 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகிவிடும். குழல் வளைந்துவிடாமல் இருக்க நெருப்பை ஒரே இடத்தில் காட்டாமல் நீளவாக்கில் ஓட்டிக்கொண்டே சூடேற்றினேன். நண்பர் ஒருவர் மறுமுனையிலிருந்து கம்பி வைத்துத் தட்ட, லைனர் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. துளைக்குள் கருகிய பசையைச் சுரண்டி எடுக்க இன்னொரு மாலை போனது. குழலின் பழுப்பு நிறம் ஓரிரு இடத்தில் சற்றுக் கறுத்துவிட்டது, அது இன்னும் தெரிகிறது.

இரண்டாவது தடவை மெதுவாக இறுகும் எபாக்சி. லைனரின் மேல்புறத்தை எமரித் தாளால் சுருள்சுருளாகக் கீறிவிட்டேன், பசைக்குப் பிடிப்பும் ஆச்சு, காற்று வெளியேற வழியும் ஆச்சு. இரண்டு பக்கத்தையும் அசிட்டோன் நனைத்த துணியால் துணி வெள்ளையாக வரும் வரை துடைத்தேன். லைனரின் இரண்டு வாயையும் மெழுகால் அடைத்தேன். பசை புரிக்குள் போய்விட்டால் எல்லாம் வீண். பிறகு பின்பக்கமிருந்து திருகிக்கொண்டே, நடுவில் எங்கேயும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் தள்ளினேன். முனையில் பசை ஒரு வளையமாகப் பிதுங்கி வந்தது. உள்ளே முழுக்கப் பரவியிருக்கிறது என்பதற்கு அந்த வளையம்தான் சாட்சி. இரண்டு பக்கமும் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, குழலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, இரண்டு நாள் தொடவில்லை.

பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்ததை லேத்தில் வெட்டும்போது பழைய குழலின் முகத்தைத் தொடவே கூடாது. அந்த முகத்தில்தான் குழலின் பின்பக்கத்தை மூடும் பிரீச் கட்டை வந்து ஒட்டுகிறது, ஒரு தௌ போனாலும் இடைவெளி கூடிவிடும். பழைய முகம் முழுக்க நீல மார்க்கரால் பூசினேன். கத்தியை அரைத் தௌ, அரைத் தௌவாக நகர்த்தி, நீலத்தில் முதல் மயிரிழைக் கீறல் விழுந்த நொடியில் நிறுத்திவிட்டேன்.

அறை குடைந்தது முழுக்கக் கையால்தான். ரீமரைக் கைப்பிடியில் மாட்டி, எண்ணெய் விட்டு, வலச்சுற்றாக மட்டும் திருப்ப வேண்டும். பின்னால் திருப்பினால் ரீமரின் கூர் போய்விடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைப்பேன். .22 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும், அந்த விளிம்பு அமரும் பள்ளத்தின் ஆழம்தான் உயிர்நாடி. இதற்கு இரண்டு கேஜ் உண்டு. 0.043 அங்குலக் கேஜ் வைத்தால் பிரீச் மூட வேண்டும், 0.046 வைத்தால் மூடக்கூடாது. கடைசியில் ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுதான் திருப்பினேன். ஆழம் போதாவிட்டால் இன்னும் குடையலாம், அதிகமாகிவிட்டால் லைனரையே மாற்ற வேண்டியதுதான்.

அதைவிட நுணுக்கமான வேலை காலித்தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டருக்கான வெட்டு. பழைய குழலில் அந்த வெட்டு இருக்கிறது, புது லைனர் அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊசி அரத்தால் பழைய வெட்டின் சுவரைத் தொட்டும் தொடாமல் லைனரை மட்டும் அரிசிமுனை அளவாக ராவி எடுத்தேன். எக்ஸ்ட்ராக்டரைப் புகைக்கரியில் காட்டி உள்ளே வைத்து எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டும். அங்கே இரண்டு இழுப்பு, மறுபடி கரி. மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் அறைக்குள் திரும்பியிருந்த பிசிறை, எமரி சுற்றிய மூங்கில் குச்சியால் நீவிவிட்டேன். அந்தப் பிசிறை விட்டுவைத்தால் காலித்தோட்டா ஒவ்வொன்றிலும் கீறல் விழும், சில சமயம் சிக்கிக்கொள்ளவும் செய்யும்.

வாய்ப்பக்கம் லேத்தில் 11 டிகிரி சாய்வில் உட்பக்கமாகச் சீவினேன். முடிவில் பழைய தொழிலாளிகளின் உத்தி ஒன்றைச் செய்தேன். உருண்டைத் தலை உள்ள பித்தளைத் திருகைக் கைட்ரில்லில் மாட்டி, தலையில் உராய்வுப் பசை தடவி, வாயில் வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே மணிக்கட்டை எட்டுப் போட்டதுபோல ஆட்டிக்கொண்டிருந்தேன். உருண்டை தானாக மையத்தில் உட்காரும், கை கொஞ்சம் ஆடினாலும் அதைக் கெடுக்காது. ஒரு நிமிடத்தில் புரிகளுக்கு இடையிலான ஆறு மேடுகளின் முனையிலும் ஒரே அகலத்தில் வெள்ளி நூல் போல ஒரு கோடு தெரிந்தது. ஒரு பக்கம் கோடு தடித்திருந்தால் இன்னும் வேலை பாக்கி என்று அர்த்தம். குண்டு பிரியும் கணத்தில் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கசிய வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் குண்டின் வால் தட்டிவிடப்படும். இந்த ஒரு நிமிட வேலைக்கு நான் கொடுக்கும் மதிப்பு, சனிக்கிழமை முழுக்கத் துளைத்ததற்குக் கொடுப்பதைவிட அதிகம்.

முதல் தோட்டாவைக் கையில் பிடித்துச் சுடவில்லை. ரேஞ்சில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, தடுப்புக்குப் பின்னால் நின்று இழுத்தேன். காலித்தோட்டாவை எடுத்துப் பார்த்தால் வீக்கமோ வெடிப்போ இல்லை, விளிம்பில் ஊசியின் குத்து மட்டும் தெளிவாக இருந்தது. இப்படி ஐந்து. அதன் பிறகுதான் தோளில் வைத்தேன். ஃபேவரிட்டின் உடற்பகுதி இந்தக் காலத்து அதிவேகத் தோட்டாக்களுக்காகச் செய்ததில்லை. குழல் புதுசாகிவிட்டது என்பதால் உடல் வலுவாகிவிடாது. அதனால் சாதாரண வேகத் தோட்டா மட்டும்தான், இனியும் அப்படித்தான்.

25 கெஜத்தில், அதே பழைய குறிகாட்டிகளை வைத்து, ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடும் அளவுக்குள் விழுந்தன. துளை எல்லாம் வட்டம். 50 கெஜத்தில் நாலு சென்டிமீட்டர், அதில் பாதி என் கண்ணின் குறைதான். அடி கொஞ்சம் இடப்பக்கம் போகிறது, முன் குறிகாட்டியை மயிரளவு இடப்பக்கமே தட்டினால் சரியாகும். அதை இன்னும் செய்யவில்லை.

தாளைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டினேன். துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். வாயில் வெட்டி எடுத்த அரை அங்குல லைனர் துண்டையும் கூடவே கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, புரிகளை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். ஆறு வந்ததும் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேத்தி சனிக்கிழமை வருகிறாள், அவளையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்.